வாசலில் ஒரு கோடு, படியில் ஒரு கோடு

வீட்டுக்கார அம்மா வாசலில் அரிசிமாவுக் கோலம் போட்டாள். "நாலு எறும்பு தின்னட்டும், புண்ணியம்" என்று அவள் எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னது குட்டி எறும்பின் காதில் விழுந்தது. உடனே அக்காவைக் கூட்டிவந்து வயிறு முட்டத் தின்றது. வாசலிலேயே இவ்வளவு போடுகிறவள் உள்ளே சர்க்கரை தரமாட்டாளா என்று இரண்டும் நிலைப்படி ஏறின.

படியின் உள்விளிம்பிலும் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது.

"பாரேன், இங்கேயும் போட்டிருக்கிறாள்" என்று அக்கா ஓடிப்போய் வாய் வைத்தது. வைத்த வாயை எடுக்கவில்லை. கால்கள் மட்டும் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டு அடங்கின.

"அது மாவில்லை, எறும்புச் சாக்பீஸ்" என்றது நிலைப்படி. "அதையும் அவள்தான் போட்டாள்."

குட்டிக்குத் தலை சுற்றியது. அதே கை, அதே வெள்ளை. "அப்படியென்றால் வா என்கிறாளா, வராதே என்கிறாளா?"

"இத்தனை வருஷமாகக் கிடக்கிறேன், எனக்கே புரிபடவில்லை" என்றது நிலைப்படி.

அப்போது தெருக்கூட்டும் மரகதம் வந்தாள். வீட்டுக்கார அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "வா மரகதம், வா வா, காபி குடி" என்று தனியாக வைத்திருந்த தம்ளரைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். மரகதம் அதை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய், கோலத்துக்கு அந்தப் பக்கம் குந்திக் குடித்தாள்.

சாக்பீஸ் கோட்டை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு எப்படித் தெரிந்தது என்று குட்டி எறும்புக்குக் கடைசிவரை விளங்கவில்லை.