தேறிய கோழி

பண்ணைக் கொட்டகையில் வெக்கை தாங்காமல் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. உடம்பு வளர்ந்த வேகத்துக்கு இதயம் ஈடுகொடுக்கவில்லை. காலையில்கூடச் சில கோழிகள் திடீரென்று மல்லாந்து விழுந்து செத்துப்போயின.

பண்ணைக்காரர் தண்ணீரில் சத்து மருந்தைக் கலந்தார். "குடிச்சுட்டு சீக்கிரம் தேறுங்க, கண்ணுங்களா" என்றார்.

"எவ்வளவு பாசம் பாத்தியா" என்றது குண்டுக்கோழி. வயிறு முட்டக் குடித்தது. "நீயும் குடி, நோஞ்சான். தேறணும்னு உனக்கு ஆசை இல்லையா?"

"தேறினவங்க யாரும் திரும்பி வரலையே" என்றது மெலிந்த கோழி.

"உடம்பு சரியான பிறகு யாராவது ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவாங்களா?"

சாயங்காலம் குண்டுக்கோழிக்கு மூச்சு சீரானது. பண்ணைக்காரர் அதைத் தூக்கி, நெஞ்சுச் சதையை அமுக்கிப் பார்த்தார்.

"இது தேறிடுச்சு" என்று சொல்லி, கறிக்கோழி ஏற்ற வந்திருந்த லாரிக்காரரிடம் கொடுத்தார்.

லாரியில் அடுக்கியிருந்த கூண்டிலிருந்து குண்டுக்கோழியின் குரல் கேட்டது. "இங்கே நல்லா காத்து வருது, நோஞ்சான். மூச்சே முட்டலை. நீயும் சீக்கிரம் தேறி வா."

லாரி கிளம்பிப் போனது. மெலிந்த கோழிக்குத் தொண்டை வறண்டு எரிந்தது. கொட்டகையில் அந்த மருந்துத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் இல்லை.