ஏழாவது தண்ணீர்

"முதல்ல எனக்குப் போடு."

செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு முந்திப் புருஷன் தட்டை நீட்டி அவள் பார்த்ததே இல்லை.

மழையில் பாதை சரிந்து பத்து நாள். அரிசி தீர்ந்து மூன்று நாள். சட்டியில் இருப்பது ஈந்தங்காய் மாவில் கிண்டிய களி. மாவும் அவ்வளவுதான்.

அந்த ஈந்து மரம் வீட்டுக்கு மேலே, சரிவில் நிற்கிறது. பார்த்தால் பனை மாதிரி இருக்கும், பனை இல்லை. வருஷத்துக்கு ஒரு சுற்று ஓலை விடும். விரல் அகலம்கூட வளராது. அவன் பிறந்ததிலிருந்து பார்க்கிறான், ஒரு முழம் ஏறியிருந்தால் அதிகம். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஜென்மம்.

காயும் அப்படித்தான். பிளந்து ஊறப்போட்டு, ஏழு நாள் ஏழு தண்ணீர் மாற்றினால்தான் விஷம் இறங்கும்.

மழைக்கு முன்னால், தன் தம்பி கல்யாணத்துக்குச் செவ்வந்தி பிள்ளைகளோடு போனபோது அந்த வேலை அவன் தலையில் விழுந்தது.

ஐந்து நாள் மாற்றினான்.

மற்ற இரண்டு நாளும் குடித்துவிட்டுக் குப்புறக் கிடந்தான்.

இனித் தொடமாட்டேன் என்று சின்னவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செவ்வந்தி திரும்பி வந்து கேட்டபோது, ஏழும் ஆச்சு என்றான்.

காயவைத்தாள். அவன் சொல்லவில்லை.

இடித்தாள். சொல்லவில்லை.

இப்போது களியாகி அடுப்பிலிருந்தும் இறங்கிவிட்டது.

கை பட்டதுபோல் சட்டியைத் தட்டிவிடலாம்தான். தரையில் விழுந்ததையும் வழித்துத் தின்னும் பசி பிள்ளைகளுக்கு.

தின்றான். மறுபடி நீட்டினான். மூன்றாம் முறை சட்டியையே இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏய்யா, புள்ளைங்க பாத்துக்கிட்டு நிக்குதுங்க. இப்படியா அலையறது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. குனிந்த தலை நிமிராமல் அடிவரை வழித்துத் தின்றான்.

எழுந்துபோய் மரத்தடியில் உட்கார்ந்தான். ஓலை உதிர்ந்த தழும்புகள் முதுகில் குத்தின. வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் ஒன்றும் இல்லை.

வீட்டுக்குள் சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். அழட்டும் என்று இருந்தான். அழுவதற்கு உயிரோடு இருக்கிறாளே.

பிறகு செவ்வந்தியின் குரல் கேட்டது.

"அழாதே கண்ணு. உங்கப்பனுக்குத் தெரியாம உனக்குக் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன்."

சரிவில் விழுந்தடித்து ஓடினான். வாசலுக்கு வருமுன்பே கத்தினான்.

"அஞ்சு தண்ணிதான் மாத்தினேன்! அஞ்சுதான்!"

பிள்ளையின் வாயருகே அவள் கை நின்றது.

மற்ற இரண்டு நாள் என்ன ஆனது என்று அவள் கேட்கவில்லை.

காலிச் சட்டியைப் பார்த்தாள். அவன் வயிற்றைப் பார்த்தாள்.