நாலு சொட்டு லினலூல்

"கஞ்சாச் செடியிலயும் இந்த வாசனை இருக்காம், குமுதா."

"ஐயையோ! அதையா வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கீங்க?"

"போதை எல்லாம் இல்ல. வெறும் வாசனை. பேரு லினலூல். லாவெண்டர்ல இருக்கு, நம்ம கொத்தமல்லி விதையில கூட இருக்கு. எலிங்கள மோந்து பாக்க விட்டாங்களாம். பதட்டம் குறைஞ்சு சாதுவாயிடுச்சாம்."

"மனுசங்களுக்கு?"

"இன்னும் உறுதியாச் சொல்லல."

"அப்ப நான்தான் அடுத்த எலியா? கொத்தமல்லில இருக்குன்னா சமையக்கட்டுலேயே படுத்துக்கறேன், விடுங்க."

அவன் விடவில்லை.

இருபத்து மூன்று நாளாக அவள் தலையணையில் நாலு சொட்டு. திரைச்சீலையில் இரண்டு. நேற்று சாம்பாரே லாவெண்டராக மணந்தது.

இன்றும் அவள் பல் துலக்குமுன் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றான்.

தூக்கத்துக்கு மார்க் போட வேண்டும். பத்துக்கு.

"ரெண்டு" என்றாள், கண்ணெரிச்சலோடு.

எழுதிக்கொண்டான்.

அவன் ஊதுபத்திக் கம்பெனியில் வாசனை கலப்பவன். குனிந்து அவள் தலையணையை மோந்தான். பிறகு தன் முழங்கை மடிப்பை மோந்தான். மறுபடி தலையணை.

தொழில் பழக்கம் அது. இரண்டு வாசனைகளுக்கு நடுவே மூக்கைத் தெளிய வைக்க, சொந்தக் கையை மோந்துகொள்வார்கள். தன் வாசனை தனக்குத் தெரியாதாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவில், பந்தியில் அத்தனை பேர் நடுவே, "இவர் குறட்டைகிட்ட மாவு மில்லே தோத்துடும்" என்று சொன்னது அவள்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான்.

அவள் தூக்கமும் அன்றுதான் போனது.

சொல்லிவிடலாம்தான். ஆனால் மாவு மில் என்ற அதே வாயால் எப்படிச் சொல்வது?

"பதினொண்ணாம் தேதி மட்டும் பத்துக்குப் பத்து போட்டிருக்கே." பக்கங்களைப் புரட்டினான். "அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல. எத்தனை சொட்டு விட்டுக்கிட்டே?"



அன்று பாட்டிலை அவள் திறக்கவே இல்லை. கூடத்தில் கிடந்த அவன் தலையணையை எடுத்துவந்து, அதில் முகம் புதைத்துத் தூங்கினாள். காலையில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அவன் திரும்பி வந்து மார்க் கேட்டபோது பொய் சொல்ல மறந்துபோனது.

"எட்டு சொட்டா? அப்படின்னா இன்னும் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்துடறேன்..."

"ஐயோ, அந்த நோட்டை முதல்ல மூடுங்க!"

மூடினான்.

"சொட்டும் இல்ல, பாட்டிலும் இல்ல. அன்னிக்கு உங்க தலகாணியில படுத்தேன்."

பழக்கத்தில் அவன் முழங்கை மூக்கை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது.

அவள் போர்வையை மடிக்கத் தொடங்கினாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"மில்லு ஓடினா ஓடிட்டுப் போகுது" என்றாள், அவனைப் பார்க்காமல். "இன்னிக்கு உள்ள வந்து படுங்க."