‘புரோகிராமில் தவறு’

“நாளையிலயிருந்து நீ வர வேண்டாம்மா,” என்றார் பட்டாசுக் கம்பெனி முதலாளி ராஜபாண்டியன்.

புரோகிராம் எழுதிக் கொடுத்த ஞானசுந்தரி பையை எடுத்துக்கொண்டு விஸ்வநத்தம் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாள்.

பின்னே? லோடு விவரம் ஏற்ற உட்கார்ந்தால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். ‘புரோகிராமில் தவறு. மறுபடி அடிக்கவும். சரியாகாவிட்டால் ஞானசுந்தரியைக் கூப்பிடவும்.’ தன் வாயாலேயே தப்பை ஒப்புக்கொள்கிற புரோகிராமை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்?

அது 2003. கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன காலம். சாயங்காலமானால் மானிட்டருக்குப் பூப்போட்ட துணி போர்த்துவார்கள். ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியிலும் சந்தனம் குங்குமம் உண்டு. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே ஒரு ஏக்கமும்.

மறுநாள் விருதுநகரிலிருந்து, புரோகிராம் தெரிந்த முனியராஜ் வந்தான்.

“சீசன் நேரம் தம்பி. தப்பு புரோகிராம்லயா, இந்த வள்ளித்தாய் கையிலயான்னு மட்டும் பாத்துச் சொல்லிருங்க,” என்றார் முதலாளி. “கை வெந்துபோச்சேன்னு இங்கன உக்கார வச்சேன். டைப்பிங் ஓடலைன்னா திரும்ப வெடிமருந்து ரூமுக்கே அனுப்பிருவேன்.”

கீபோர்டு முன்னால் இருந்த வள்ளித்தாய் தலை நிமிரவில்லை.

முனியராஜ் புரோகிராமின் கோடிங்கைத் திறந்தான். சரக்குக் கணக்கு இருக்கும் டேட்டாபேஸ் எதையாவது ஏற்க மறுத்தால், உடனே புரோகிராமுக்குள் ஃபங்ஷன் என்கிற ஒரு சின்னப் பகுதியைக் கூப்பிடும். திரையில் என்ன மெசேஜ் வரவேண்டும் என்று முடிவு செய்வது அந்த ஃபங்ஷன்தான். டேட்டாபேஸ் சொன்ன நிஜக் காரணத்தை அது திரையில் காட்டாமல் ஒரு ஃபைலில் எழுதி வைத்திருந்தது.

ஃபைல் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒரே வரி: ‘இந்த நம்பரில் சரக்கு இல்லை.’

“ஒரு லோடு ஏத்திக் காட்டுங்கக்கா.”

வள்ளித்தாய் அடித்தாள். தீயில் சுருங்கிய விரல் ஏழாம் நம்பரை அழுத்தப் போய் எட்டையும் சேர்த்து அழுத்தியது. பெட்டி வந்து நின்றது.

“பாத்தீகளா தம்பி, இப்படித்தான் மக்கர் பண்ணுது,” என்றாள். “ஆனா அந்தப் பிள்ளைய குறை சொல்ல முடியாது. எத்தன தடவ கூப்பிட்டாலும் ‘என் தப்புதான்க்கா’ன்னு சிரிச்சுக்கிட்டே வரும்.”

முனியராஜ் அந்த ஃபைலை அவள் கண்ணில் படாமல் மூடினான்.

முதலாளி எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, தப்பு எங்க?”

“புரோகிராம்லதான் அண்ணாச்சி. இது ஒரேயடியாச் சரியாகாது. அப்பப்ப வந்து பாத்துக்கிடணும்.”

“நான் அப்பவே நெனச்சேன். சரி, மாத்த வேண்டியத மாத்திருங்க.”

முனியராஜ் அந்த ஃபங்ஷனில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றினான். ஞானசுந்தரியின் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் பெயரைப் போட்டான்.