விளக்கை அணைத்துவிட்டு வருகிறேன்

"டாக்டர் சொன்னதுலேருந்து இப்படிச் சுருண்டு கிடந்தா எப்படிங்க? ரெண்டு வாய் சாப்பிடுங்க."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கவிஞர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி தட்டை மூடி வைத்துவிட்டு, அவர் எழுதிய புத்தகத்தைப் பிரித்தாள்.

"'மரணமே, வாசலில் காத்திருக்காதே. உள்ளே வந்து உட்கார். விளக்கை அணைத்துவிட்டு வருகிறேன்.' எவ்வளவு நிம்மதியா எழுதியிருக்கீங்க. இதைக் கேட்டு எத்தனை பேர் மனசு தேறியிருக்காங்க."

"எழுதினவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. மூடி வை."

"பயமா இருக்கா?"

"ம்."

"நான்தான் பக்கத்துலயே இருக்கேனே."

அவர் போர்வைக்குள் குலுங்கினார். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒருவழியாகத் தூங்கிப்போனார்.

ஊசியோடு வந்த நர்ஸ் அலுத்துக்கொண்டாள். "இன்னிக்கும் இவரா? எழுப்புங்கம்மா. பேஷண்ட் கட்டில்ல கூட இருக்கிறவங்க படுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"இப்பத்தான் கண் அசந்தார், பாவம்." மனைவி நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டினாள். "எனக்கு இங்கேயே போட்டுடுங்க சிஸ்டர்."