எதிர் பெஞ்சுக்காரி

"அவ இன்னும் கண்ணை எடுக்கலைங்க. அரை மணி நேரமா நானும் பாக்கறேன்."

"அப்போ நீயும்தானே அரை மணி நேரமா கண்ணை எடுக்கலை?"ன்னாரு புருஷன்.

"உங்களை யாரு கேட்டா?"

ஆஸ்பத்திரி வராண்டாவுல, எதிர் பெஞ்சுல ஒருத்தி. மடியில துண்டு சுத்தின கைக்குழந்தை, கையில ஒரு ஃபாரம். பார்வை மட்டும் இங்கே, அம்மா மடியில இருந்த குட்டியோட தலையில.

குட்டிக்கு இப்போ மூணு வயசு. மண்டை எலும்பு காலத்துக்கு முன்னாடியே ஒட்டிப்போய்ப் பொறந்தவ. ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது வரைக்கும் நெளிநெளியா ஒரு தழும்பு. வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா எல்லா டாக்டருங்களும் ஒரே நாள்ல பாத்து முடிச்சிடுவாங்க. மூளைக்கு, கண்ணுக்கு, காதுக்கு, பல்லுக்கு, பேச்சுக்குன்னு ஒரு பட்டாளமே உண்டு.

நாலு பேர் முடிஞ்சாச்சு. ஒவ்வொரு ரூம்லேர்ந்தும் வந்ததும் அம்மா அந்த டாக்டராவே மாறிடுவா.

"கண் டாக்டர் எப்படி? மேலே பாரு... கீழே பாரு... அம்மாவைப் பாக்காதே, பயந்துடுவே!"

குட்டி கெக்கெக்கேன்னு சிரிச்சா.

"மூளை டாக்டர்? ம்... ம்ம்... ம்ம்ம். அவ்வளவுதான், அவர் பேசி முடிச்சிட்டாரு!"

வார்டு ஆயாகூட சிரிச்சாங்க. எதிர் பெஞ்சுக்காரி சிரிக்கலை. மெதுவா எழுந்து கிட்ட வந்தா.

"அக்கா... பாப்பா தலையை ஒரு தடவை தொட்டுப் பாக்கட்டுமா?"

அம்மாவுக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சோ கோபம்!

"என் பொண்ணு தலை என்ன, கடையில வெச்ச தர்பூசணியா? தட்டிப் பாத்து வாங்கப் போறியா? போம்மா அந்தப் பக்கம்!"

அவ முகம் செத்துப்போச்சு. நேரா நர்ஸ்கிட்ட போய் ஃபாரத்தை நீட்டினா.

"வேணாம் சிஸ்டர். நாங்க வீட்டுக்குப் போறோம்."

பெஞ்சுக்குத் திரும்பி, பையில துணியை எல்லாம் அடைக்க ஆரம்பிச்சா.

நர்ஸ் அந்த ஃபாரத்தோட இங்கே வந்தாங்க. "என்னம்மா சொன்னீங்க அவளை?"

"பின்னே என்ன சிஸ்டர்? முழுங்கற மாதிரி பாக்கறா!"

"நான்தான் பாக்கச் சொன்னேன். உங்களைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும், அது என் தப்பு. அவ குழந்தைக்கும் இதே பிரச்னைதான். நாளைக்கு ஆபரேஷன். ஆறு டாக்டருங்க மாத்தி மாத்திச் சொல்லியும் கையெழுத்துப் போட மாட்டேங்கறா. ஆபரேஷன் முடிஞ்ச பிள்ளையைக் கண்ணால பாத்தா தைரியம் வரும்னுதான், எப்பவும் ஆபரேஷன் முடிஞ்சவங்களையும் ஆகப்போறவங்களையும் ஒரே நாள்ல வரச் சொல்றோம்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அம்மா எதிர் பெஞ்சைப் பாத்தா. அப்புறம் புருஷனைப் பாத்தா. அவரு போன்னு தலையை ஆட்டினாரு.

குட்டியைத் தூக்கிட்டுப் போய் அவ பக்கத்துல உக்காந்தா.

"தொட்டுப் பாரும்மா. நல்லா அழுத்தியே பாரு, கெட்டியாத்தான் இருக்கு."

அவ கையை நீட்டினா. தழும்பு மேலயே விரல் மெதுவா போச்சு. குட்டி கூச்சத்துல நெளிஞ்சா.

"என்மேல கோபமா அக்கா?"

"உன்மேல என்னடி கோபம்? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே பெஞ்சுல உக்காந்து, ஒரு பையன் தலையை இப்படித்தான் தடவினேன். அவங்கம்மா என்னைத் திட்டலை. பையனைத் தூக்கி என் மடியில வெச்சாங்க."

எதிர் பெஞ்சுக்காரி கண்ணைத் துடைச்சுக்கிட்டு நர்ஸைப் பாத்தா.

"சிஸ்டர்... பேனா இருக்கா?"