நன்றியுரையில் விடுபட்ட பெயர்

"இந்தம்மாவுக்கு வெட்கமே கிடையாதா?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இக்னேசியஸ் வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலவாக்கலை தேவாலய மண்டபத்தில் அமரர் சோலைமலை நினைவுப் பேருரை. சோலைமலை தோட்டத் தொழிலாளி. வாய்ப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவர். மேடையில் பேசிக்கொண்டிருப்பது அவருடைய மகள், புற்றுநோய் மருத்துவர் லோஜினி. முடிவில் நன்றியுரை சொல்ல வேண்டியவர் நம் வாத்தியார்.

"நம்ம ஒடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் எப்ப வளரணும், எப்ப நிக்கணும்னு தெரியும். பொயலயில இருக்கிற நஞ்சு தெனமும் பட்டுப் பட்டு, நிக்கிறத அது மறந்துரும். கவ்வாத்து வெட்டாத தேயில மாதிரி கண்டபடி வளரும். அதுதாங்க புற்றுநோய்."

லோஜினி இவ்வளவு எளிமையாக விளக்கிக்கொண்டிருக்க, கீழே நடந்தது வேறு. சோலைமலையின் மனைவி, லோஜினியைப் பெற்ற தாய் நாகலெட்சுமி, வரிசை வரிசையாகக் குனிந்து போய்க் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, பொயல ஒரு துண்டு இருந்தா குடு."

"ராசம்மா, முந்தியில முடிஞ்சு வச்சிருக்கியே, அதக் குடு."

ராசம்மா முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்துக் கொடுத்தாள். "கொழுந்தெடுக்கிற மலையிலதான் தெனமும் இந்தத் தொல்லைன்னா, இங்கயுமாக்கா?"

பின்னால் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

புருஷனைக் கொண்டுபோன புகையிலையை, அந்தப் புருஷன் பெயரில் நடக்கும் கூட்டத்திலேயே கேட்டு வாங்குவதா? மகளுக்கும் மேடையிலிருந்து எல்லாம் தெரியத்தான் செய்தது. பாவம், பார்க்காததுபோல் பேசிக்கொண்டே போனார்.

நன்றியுரையில் இந்தம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது என்று வாத்தியார் அப்போதே முடிவுகட்டிவிட்டார்.

"கன்னத்துக்கு உள்ள வெள்ளையாப் படை தெரிஞ்சா பயப்படாம வாங்க. ஆரம்பத்துலயே வந்தா சொகமாக்கலாம். முத்திப் போனா ஆப்பரேஷன், கதிர் சிகிச்சை, மருந்துன்னு அலையணும். எங்கப்பா பிந்தித்தான் வந்தாரு..." லோஜினியின் குரல் இறங்கியது.

அந்த நேரம் பார்த்து நாகலெட்சுமி, மடி நிறையப் புகையிலையோடு பின்வாசல் வழியாக நழுவினார்.

ஆசை தீர மெல்லப் போகிறார் போல! வாத்தியார் விடுவாரா? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று பின்னாலேயே போனார்.

கக்கூசு வாசலில் நின்று மடியை உதறிக்கொண்டிருந்தார் நாகலெட்சுமி. வாங்கிய புகையிலை மொத்தமும் குழிக்குள் விழுந்தது.

"என்னங்கம்மா இது?"

"விட்டுருங்கடின்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன் சேர். எங்கம்மா சாகுற வரைக்கும் மென்னாளே, அவளுக்கு என்ன வந்துச்சுன்னு கத சொல்றாளுக. ஆனா பொயல கேட்டா மட்டும் தோட்டத்துல யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. அதான் கேட்டு வாங்கிர்றேன். காலையில மலையில வச்சு வாங்கிட்டா, மறுபடி கடைக்குப் போகப் பொழுது சாஞ்சிரும். அது வரைக்கும் வாய் சும்மா கெடக்குமில்ல?"

வாத்தியாருக்குத் தன் தங்கச்சியின் நினைவு வந்தது.

"எங்க தங்கச்சி அந்தோனியம்மா ஒங்க மலையிலதான் கொழுந்தெடுக்குது. அதுக்கிட்டயும் வாங்குறீங்களா?"

"அவகிட்டதான் மொதல்ல."

அந்தோனியம்மா கன்னத்துக்குள் இருந்த வெள்ளைப் படை குறைந்திருப்பதாகப் போன மாதம்தான் கிளினிக்கில் சொன்னார்கள். அதற்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தவர் வாத்தியார். கண் கலங்கிவிட்டது.

"வாங்கம்மா, இப்பவே மைக்குல சொல்றேன். எல்லாரும் எழும்பி நின்னு கை தட்டட்டும்!"

"ஐயோ, சொல்லிப்புடாதீங்க சேர்! தெரிஞ்சா நாளைக்கு எவ குடுப்பா? வெக்கங்கெட்டவன்னே நெனச்சிக்கிறட்டும்."

"டாக்டரம்மாவுக்கு?"

"அவளுக்கு மட்டுந்தான் தெரியும்."

நன்றியுரையில் வாத்தியார், மண்டபம் தந்த பங்குத் தந்தையிலிருந்து தேத்தண்ணி ஊற்றியவர் வரை ஒருவரையும் விடாமல் நன்றி சொன்னார். ஒரு பெயர் மட்டும் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சிரமப்பட்டு விழுங்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் நேராக நாகலெட்சுமியிடம் போய்க் கைகூப்பினார்.

"ஊருக்கு முன்னால சொல்ல விடமாட்டேன்னுட்டீங்க. எங்க குடும்பமே ஒங்களுக்கு நன்றி சொல்லணும்மா. அந்த மாதாதான் ஒங்கள அனுப்பியிருக்கணும்."

நாகலெட்சுமி சிரித்துக்கொண்டே கை நீட்டினார்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும் சேர். ஒங்க சட்டப் பையில இருக்கிற பொயலப் பாக்கு பாக்கெட்டயும் குடுங்க."